நான்சியை அனுப்ப வேண்டாம்

இயேசு மரி சூசை

பிலாய்,
14.9.1998

அன்பு அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் சுகமும் மதினி சுகமும் மருமகன் இனிகோ சுகமும் அறிய ஆவல். இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. உங்கள் மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். உருக்காலைச் சூட்டில் நின்றுவிட்டு மழையில் நனைந்து வந்து சளி பிடித்துக் கிடந்தார். இப்போது தேவலை.

சூசைமுத்து சித்தப்பா கடிதம் போட்டிருந்தார். மாதா பிறந்தநாள் பூசையில் மதினியைப் பார்த்தாராம். வலது கையில் மாவுக்கட்டாம். என்ன ஆச்சு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாளாம். எனக்கு ஏன் அண்ணா ஒரு வரி எழுதவில்லை? விக்டோரியா உங்களுக்கு மனைவியாவதற்கு முன்னால் எனக்குச் சிநேகிதி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். நான்தானே அவளை நம் வீட்டுக்குக் கேட்கச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்தேன்.

நிற்க. நான்சி பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். இந்தி பேசுகிற ஊரில் வளர்ந்தாலும் தமிழ் எழுதப் படிக்க நான் பழக்கிவைத்திருக்கிறேன். அடுத்த வருடம் காலேஜில் சேர்க்க வேண்டும். இங்கே ரொம்ப தூரத்தில் காலேஜ், வழியும் சரியில்லை. நம் ஊரில் சேர்த்து, நம் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று நானும் அவரும் முடிவு செய்திருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் என் பிள்ளை மூன்று வருடம் இருந்தால் எனக்கும் மனசு நிறையும். இனிகோவுக்கும் கூடப்பிறந்தவள் மாதிரி ஒருத்தி இருப்பாள். நான்சி இப்போதே, மாமா வீட்டில் எனக்கு எந்த ரூம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மதினிக்குக் கை எப்படி இருக்கிறது என்று உடனே எழுதவும். அனைவருக்கும் எங்கள் அன்பு.

உங்கள் தங்கை,
மரியசெல்வி

*

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
20.10.1998

அன்புள்ள தங்கை செல்விக்கு, அண்ணன் ஆசீர் கூறி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? வெந்நீர் குடிக்கச் சொல். மதினி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள். சின்ன விரிசல்தான். கட்டைப் பிரித்தாயிற்று. இதை எழுதி உன்னை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு மறுபடியும் பழனி ரூட்டில் டியூட்டி. கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டத்தில் டிக்கெட் கிழிப்பதற்குள் விலா எலும்பு நொறுங்கிப்போகிறது. இனிகோ பதினொன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். என்னைவிட வளர்ந்துவிட்டான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறான். பங்குச் சாமியார் கூப்பிட்டு, நல்ல குரல், நல்ல பிள்ளை என்றார். படிப்பு கெடும் என்று டிவியை எடுத்துவிட்டோம்.

நான்சி விஷயத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. பரீட்சை முடியட்டும், பார்ப்போம்.

எதிர்வீட்டு நர்கீஸ் வீட்டு ஃபோனுக்கு அடிக்கடி கூப்பிட வேண்டாம். அவர்களுக்கும் ஆயிரம் வேலை. கடிதமே போதும்.

மாப்பிள்ளைக்கும் நான்சிக்கும் எங்கள் அன்பு.

அன்பு அண்ணன்,
சூசைமாணிக்கம்

*

இயேசு மரி சூசை

பிலாய்,
28.12.1998

அன்பு அண்ணனுக்கும் மதினிக்கும் இனிகோவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. புது வருடம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். நாங்கள் சுகம்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் திருநாள் ஆயிற்றே என்று மனசு கேட்காமல் நர்கீஸ் அக்கா வீட்டுக்கு ஃபோன் போட்டேன். கூட்டிவருகிறேன் என்று போனவர்கள் திரும்பி வந்து, வீட்டில் யாருமில்லை என்றார்கள். ஆனால் அண்ணா, அவர்கள் பேசியது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. "நீ எப்பம்மா ஊருக்கு வருவ?" என்று கேட்டார்கள். மே மாதம் என்றேன். வேறு என்னவோ பேசிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்கள். ஃபோனை வைக்கும்போது, "அதுக்கு முன்னால ஒருக்கா வந்துட்டுப் போயேன்" என்றார்கள். என்ன விஷயம் அக்கா என்றதற்கு, ஒண்ணுமில்லை, பார்த்து ரொம்ப நாளாச்சே என்றார்கள்.

மதினிக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே? உள்ளதை எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தோடு நான்சியின் ஃபோட்டோ வைத்திருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த ஃபோட்டோ ஒன்று அனுப்புங்கள். இனிகோவைச் சின்னப் பையனாகப் பார்த்ததுதான்.

உங்கள் தங்கை,
செல்வி

*

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
25.1.1999

அன்பு செல்விக்கு,

நலம். நலமே வேண்டும். திருநாளுக்கு நாங்கள் வேளாங்கண்ணி போயிருந்தோம். நர்கீஸ் சொன்னதில் ஒன்றுமில்லை. நீ வீணாக எதையும் நினைக்காதே.

நான்சி படம் பார்த்தோம். அம்மாவின் நெற்றி அப்படியே வந்திருக்கிறது. மதினி அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

படிப்பு விஷயமாக விசாரித்தேன். கன்னியர் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறது. நல்ல கட்டுப்பாடு, நல்ல சாப்பாடு. பெண்பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு. நம் வீட்டில் அவளுக்குத் தோதுப்படாது. இடம் குறைவு, தண்ணீரும் கஷ்டம். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபோட்டோ பிறகு அனுப்புகிறேன்.

அண்ணன்

*

இயேசு மரி சூசை

பிலாய்,
11.2.1999

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டாமல் வைத்திருந்தேன். அவரே எடுத்துப் படித்துவிட்டார். "உன் பிறந்த வீட்டுல உன் பிள்ளைக்கு இடம் இல்லையாம்ல?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இடம் குறைவா அண்ணா? அந்த வீட்டில் அப்பா, அம்மா, நாம் இரண்டு பேர், அத்தை, அத்தை பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தோம். தண்ணீர் கஷ்டம் இல்லாத நாள் நம் ஊரில் எப்போது இருந்தது? நீங்கள் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால்தான் பொய் இப்படித் தனியாகத் தெரிகிறது.

நான் அப்பா வீட்டில் பங்கு கேட்டு வரவில்லை. பிள்ளைக்கு மூன்று வருடம் ஒரு மூலை கேட்டேன். மதினிக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

செல்வி

*

இயேசு மரி சூசை

பிலாய்,
6.4.1999

அன்புள்ள மதினிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். அண்ணனிடமிருந்து இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

விக்டோரியா, என்மேல் என்ன கோபம்? நான் ஏதாவது தப்பாகப் பேசினேனா? தவக்காலம் முழுக்க யோசித்தேன், பிடிபடவில்லை. நாம் இரண்டு பேரும் பரீட்சைக்கு முதல் நாள் மாடியில் படுத்துக்கொண்டு, கல்யாணம் ஆனாலும் ஒரே ஊரில்தான் இருக்க வேண்டும் என்று பேசியது நினைவிருக்கிறதா? அது நடக்கவில்லை. என் மகளாவது உன் கையால் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

மனதில் உள்ளதை எழுது. என்னவானாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் செல்வி

*

திண்டுக்கல்,
22.4.1999

செல்விக்கு, விக்டோரியா எழுதுவது. இங்கு நலம்.

உன் அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம். அவர் வரச்சொல்லலாம் என்றுதான் இருந்தார். எனக்குத்தான் இஷ்டமில்லை. வயசுக்கு வந்த அடுத்த வீட்டுப் பெண்ணை வைத்துக் காவல் காக்க எனக்கு ஏலாது. எனக்கு என் வேலையே சரியாக இருக்கிறது. இதை நீ எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

இனி இதுபற்றி எழுத வேண்டாம். இந்த வருடம் லீவுக்கும் நீங்கள் இங்கே வந்து தங்க வேண்டாம்.

விக்டோரியா

*

இயேசு மரி சூசை

பிலாய்,
5.5.1999

அண்ணனுக்கு,

உங்கள் மனைவியின் கடிதம் வந்தது. 'அடுத்த வீட்டுப் பெண்' என்ற வார்த்தையை நான்சியும் படித்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மா எனக்கு இங்கேயே காலேஜ் போதும் என்றாள்.

ஆனால் நான் இதை இப்படியே விடப்போவதில்லை. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி நானும் நான்சியும் கிளம்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. நேராக நம் வீட்டுக்குத்தான் வருவோம். வாசலில் நின்று கேட்பேன். என் மகளுக்கு இங்கே இடமில்லை என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

செல்வி

*

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
13.5.1999

அன்புத் தங்கை செல்விக்கு,

நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது.

மதினி எழுதியது பொய். என்னைக் கேட்காமல் எழுதிப் போட்டிருக்கிறாள். நான் எழுதியதும் பொய். அவள் வழுக்கி விழவில்லை. கையை முறுக்கியது இனிகோ. டிவியை நாங்கள் எடுக்கவில்லை, அவன் தூக்கிப் போட்டு உடைத்தான். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் வேளாங்கண்ணியில் இல்லை. வீட்டில்தான் இருந்தோம். நர்கீஸ் கதவைத் தட்டினாள், திறக்க முடியாத நிலைமை. எனக்கு உதடு கிழிந்திருந்தது. ஃபோட்டோ எடுக்காததும் அதனால்தான்.

என் மகன் என்னை அடிக்கிறான், செல்வி. அவன் அம்மாவையும் அடிக்கிறான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும்போது தட்டை விட்டெறிவான். பிறகு அவனே அழுவான், நாங்களே சமாதானம் செய்வோம். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை, வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்றிருந்தோம். அப்புறம் தள்ளுவது. அப்புறம் கை. போன வருடம் பெரிய பரீட்சை முடிந்த சமயம், சைக்கிளுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் கேட்டான். ஏலாது என்றேன். கன்னத்தில் அறைந்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. பயமா, பாசமா, எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் குடித்துவிட்டு வந்து சட்டையைப் பிடிக்கிறவனை ஒரே அதட்டலில் இறக்கிவிட்டிருக்கிறேன். வீட்டுக்குள் அந்தக் குரல் எனக்கு வரவில்லை.

நாங்கள் அவனை அடித்து வளர்த்ததில்லை. நான் குடிப்பதில்லை. அவள்மேல் நான் கை வைத்ததில்லை. எங்கே தப்பு என்று எத்தனையோ தரம் பேசிப் பார்த்துவிட்டோம். வெளியே அவன் தங்கமான பிள்ளை. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சொல்லவும் பயம். ஒருநாள் விக்டோரியா சாமியாரிடம் சொல்லப்போகிறேன் என்றதற்கு, "சொல்லும்மா. மறுநாள் தண்டவாளத்துல வந்து என்னையப் பொறுக்கிக்க" என்றான். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும்தான்.

அவன் சத்தம் போட ஆரம்பித்தால் நான் தெருக்கதவைச் சாத்துவேன். அவள் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

உன் கடைசிக் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கிப் பிரித்தது அவன். படித்துவிட்டுச் சிரித்தான். "வரட்டும்ப்பா. நான்சி வரட்டும். இந்த வீட்டுல எப்படி இருக்கணும்னு நான் சொல்லித் தாரேன்" என்றான். விக்டோரியா என் முகத்தைப் பார்த்தாள். எங்கள்மேல் விழுந்ததை நாங்கள் மறைத்தோம். மானம் போகக் கூடாது என்று மறைத்தோம். உன் பிள்ளைமேல் ஒரு கை விழுந்தால் அந்த மானம் எனக்கு எதற்கு?

நான்சியை அனுப்ப வேண்டாம். அவளை அழவைத்ததற்கு அவள் அத்தையை மன்னிக்கச் சொல். உங்களை வெறுக்கவைத்தாவது நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

அண்ணன்,
சூசைமாணிக்கம்

*

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
12.6.1999

அன்புள்ள நான்சி அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் நான்சியும் சுகமா? மாத்திரையை மறக்காமல் போடுங்கள். என்னைத் தனியாக அனுப்ப நீங்கள் தயங்கியது சரிதான். நான் வந்ததும் சரிதான். நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் படித்துவிட்டுப் பிறகு நான்சியிடம் கொடுங்கள். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் வந்து இறங்கியபோது இனிகோ பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். "நல்லாருக்கீங்களா அத்தை, நான்சி வரலையா?" என்று வழியெல்லாம் சிரித்த முகமாகப் பேசிக்கொண்டு வந்தான். எனக்குக் குடிக்கத் தண்ணீர், விசிறி, பூசைக்குத் துணை எல்லாம் அவன்தான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. கடவுள் மன்னிக்கட்டும், அண்ணன்தான் மனசு பேதலித்து எழுதிவிட்டாரோ என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆனால் மதினியைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்கவில்லை. அவன் நாற்காலியை நகர்த்துகிற சத்தத்துக்கு அவள் கையிலிருந்த கரண்டி விழுகிறது.

போன ஞாயிறு மத்தியானம். அண்ணனுக்கு அன்று டியூட்டி இல்லை. அவன் விளையாடிவிட்டு வந்து சோறு கேட்டான். "செத்த நேரம் இருப்பா, வெஞ்சனம் தாளிச்சு எறக்கிருதேன்" என்றாள் மதினி. அவ்வளவுதான் பேச்சு. அவன் எழுந்து போய் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். நான் அங்கே இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டான்.

அப்புறம் நான் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. அண்ணன் ஓடினார். மகனிடம் ஓடவில்லை. ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினார். மதினி, தலைமுடி அவன் கையில் இருக்கும்போதே, எட்டி ரேடியோவைத் திருகினாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

நான் போய்க் கதவை விரியத் திறந்தேன். ஜன்னல்களையும் திறந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். எதிரே நர்கீஸ் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதவைச் சாத்துங்க அத்தை" என்றான்.

"சாத்த மாட்டேன். செய்யிறத எல்லாரும் பாக்கச் செய்யி."

"இது எங்க வீட்டு விஷயம்."

"நானும் இந்த வீட்டுலதான் பொறந்தேன்."

ஒரு கை முடியில் இருக்க, இன்னொரு கையை என்னை நோக்கி ஓங்கினான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கண் என்மேல் இல்லை, வாசலில் கூடியவர்கள்மேல் இருந்தது. மெதுவாகக் கையை இறக்கினான். முடியையும் விட்டான். அவன் முகத்தில் அப்போது வந்த வெட்கத்தைப் பார்த்தேன். அவனால் அடக்க முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு படி இறங்கித் தெருவுக்குப் போனார். நர்கீஸ் அக்காவின் வீட்டுக்காரர் முன்னால் நின்று, "பாய், என் மகன் என்னையும் என் வீட்டுக்காரியையும் அடிக்கிறான். ரொம்ப நாளா அடிக்கிறான். எங்களுக்கு ஒத்தாசை வேணும்" என்றார். பாய் அண்ணன் தோளில் கை வைத்து, "எங்களுக்குத் தெரியும் சார். நீங்க சொல்லாம நாங்க எப்படிக் கேக்குறது?" என்றார்.

இனிகோ பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். தண்டவாளம் என்று அவன் சொல்லி வைத்தது எங்களுக்கெல்லாம் ஞாபகம் வந்தது. பாயும் அண்ணனும் ஸ்கூட்டரில் ரயில் பாதை நெடுக அலைந்தார்கள். மதினி மாதா படத்துக்கு முன்னால் கீழே விழுந்து கிடந்தாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில், பழனி பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தானாம். போக இடம் தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ செத்துருவியோன்னு பயந்துதான்டா இம்புட்டு நாளும் பேசாம இருந்தேன். இனிமே பேசுவேன்" என்று சொன்னாராம்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து மதினியின் அண்ணன் சிலுவைமுத்து அண்ணாச்சி வந்தார். காய்கறி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரியுமே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவன் இனி என் வீட்டில் இருக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே பஸ்ஸில் வந்து போகட்டும் என்றார். மதுரையில் மன டாக்டர் ஒருவரிடம் காட்டவும் முடிவாகியிருக்கிறது. அவன் அம்மாவைத் தேடி வரக் கூடாது, அம்மா சொன்னால்தான் வர வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நான் பார்த்துப் பல வருடமாயிற்று, அண்ணன் இப்படி ஒரு சொல் சொல்லி.

மதினி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. கதவைத் திறந்து பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டேனாம். நேற்றுக் காலையில் சீப்போடு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "தலைய வாரி விடு செல்வி. எனக்குக் கைய மேல தூக்க ஏலல" என்றாள். மாவுக்கட்டைப் பிரித்து இத்தனை மாதமாகியும் அந்தக் கை நேராகவில்லை. உச்சியில் ஒரு இடத்தில் முடியே இல்லை. வலிக்காமல் வாரிப் பின்னிவிட்டேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். நான்சியை அங்கேயே காலேஜில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள்,
செல்வி

*

இயேசு மரி சூசை

பிலாய்,
30.9.1999

அன்பு அண்ணனுக்கும் மதினிக்கும்,

நாங்கள் நலம். நான்சி காலேஜ் போய் வருகிறாள். பஸ்ஸில் கூட்டம் என்று தினமும் புலம்பல். மாமா பஸ்ஸாக இருந்தால் உட்கார இடம் கிடைக்கும் என்கிறாள்.

உங்கள் சென்ற கடிதத்தில் "எல்லோரும் நலம்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பிப் பட்டது போதும் அண்ணா. நல்லதோ கெட்டதோ, உள்ளபடி எழுதுங்கள். மதினி தூங்குகிறாளா? அவன் எப்படி இருக்கிறான்?

உங்கள் மாப்பிள்ளை உங்களிடம் கோபமாக இருந்ததற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்.

தங்கை,
செல்வி

*

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
2.1.2000

அன்புத் தங்கை செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் மருமகள் நான்சிக்கும் புத்தாண்டு ஆசீர்.

உள்ளபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மதினி இப்போதுதான் விடியும்வரை தூங்குகிறாள். கோயிலில் சில பேர் எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவன் என்று டிப்போவிலேயே ஒருவன் சொன்னான். சொல்லட்டும்.

இனிகோ சிலுவைமுத்து மச்சான் வீட்டில் இதுவரை யார்மேலும் கை வைக்கவில்லை. ஒரு தரம் மட்டும் சுவரில் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டான். இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அங்கே அடக்க முடிகிறவனால் எங்களிடம் ஏன் முடியவில்லை? டாக்டரிடம் கேட்டேன். அதை அவனேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சாயங்காலம் சில நாள் என் பஸ்ஸிலேயே ஏறுவான். பாஸைக் காட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வான். நானும் மற்றப் பையன்களிடம் பார்ப்பது மாதிரிப் பாஸைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒட்டன்சத்திரத்தில் இறங்கும்போது, "வாரேன்ப்பா" என்பான்.

கிறிஸ்துமஸுக்கு வரச்சொல் என்று விக்டோரியாவே சொன்னாள். மச்சான் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கறி எடுத்துச் சமைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்ததெல்லாம் செய்திருந்தாள். பூசைக்குப் போய்வந்து நான்கு பேரும் உட்கார்ந்தோம். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். விக்டோரியா குனிந்து அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். அந்த நேரம் அவன் தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினான்.

அவள் வெடுக்கென்று தலையை ஒதுக்கிக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். குழம்பு தரையில் சிந்தியது.

அவள் உடனே சிரித்து, ஈ பறந்தது என்றாள். அவன் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. சோறு அப்படியே இருந்தது. தண்ணீர் குடிக்கவில்லை.

சாயங்காலம் அவனைப் பஸ் ஏற்றிவிட நான் நடந்து போனேன். மச்சான் முன்னால் போய்விட்டார். பாதி வழி வந்திருப்போம். அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"அம்மா இன்னும் என்னையப் பாத்துப் பயப்படுதுல்லப்பா?"

செல்வி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் எல்லோரிடமும் சொன்ன சொல். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாடா" என்றேன். "நானும்தான்."

அவன் நடுரோட்டில் நின்றுவிட்டான். அழுவான், இல்லை கத்துவான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. செத்த நேரம் நின்றுவிட்டு என் கூடவே நடந்தான். ஆனால் ஒரு கை தூரம் தள்ளி நடந்தான். எனக்காகத்தான் அப்படித் தள்ளி நடக்கிறான் என்று பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பொங்கலுக்கு வரச்சொல்லவா என்று விக்டோரியாவிடம் கேட்டேன். பார்ப்போம் என்றிருக்கிறாள்.

மாப்பிள்ளை உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். நான்சி நன்றாகப் படிக்கட்டும்.

அன்பு அண்ணன்,
சூசைமாணிக்கம்